வக்கீலின் கடைவாய்ப்பல்

தையல் ஆலையில் அவளுக்குச் ‘சைரன்’ என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளும் ‘என்ன?’ என்று திரும்பிப் பார்ப்பாள். ஏதோ ஒன்று சரியில்லை என்று அவள் மனசுக்குப் பட்டுவிட்டால் போதும், தளம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு கத்து கத்துவாள். பாதி நாள் ஒன்றும் இருக்காது. மீதி நாள் ஏதாவது இருக்கும். அந்த மீதி நாளுக்காகத்தான் அவளை வேலையில் வைத்திருந்தார்கள்.

வேலையும் அப்படிப்பட்ட வேலை. கைக்குழந்தைகளுக்குச் சட்டை தைக்கிற ஆலை அது. மெஷினில் ஊசி உடைந்தால் உடைந்த துண்டு அத்தனையும் கிடைத்தாக வேண்டும். கிடைத்ததை ஓர் அட்டையில் ஒட்டி, முழு ஊசி ஆகிறதா என்று பொருத்திப் பார்ப்பார்கள். முனை மட்டும் குறைந்தால்கூட அந்த மெஷினில் தைத்த ஒரு சட்டையும் ஆலையை விட்டு வெளியே போகாது. பின்னே? எந்தப் பிள்ளை கழுத்தில் போய்க் குத்துமோ! அந்த முனையைத் தேடுகிறவள் இவள்தான். காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு மேஜைக்கு அடியில் தவழ்வாள். புதிதாகச் சேருகிற பெண்களிடம் அவள் சொல்வது ஒன்றுதான்.

“ஊசி உடைஞ்சா தப்பே இல்லம்மா. உடனே கையைத் தூக்கு. திட்டுவாங்கன்னு மறைச்சேன்னு வெச்சுக்கோ, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்.”

ஆலையில் இந்தப் பயத்துக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வீட்டில் கேலிதான் மிச்சம். அவள் வீட்டுக்காரர் மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, மின்விசிறி எல்லாம் பழுது பார்ப்பவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. தெருவே அவரை மெக்கானிக் என்றுதான் அழைக்கும். மகா நிதானி. வீடு தீப்பற்றி எரிந்தாலும் முதலில் ஃபியூஸைத்தான் பார்ப்பார். ஒரே மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். போகும்போது பள்ளிக்கூடப் பையில் போட்டுத் தூக்கி வந்து வளர்த்த பூனையை இவர்கள் தலையில் கட்டிவிட்டுப் போனாள்.

அதுதான் வக்கீல். உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்தில் மட்டும் வெள்ளைப் பட்டை. உருவத்துக்கு வைத்த பெயர், குணத்துக்கும் பொருந்திப் போனது. ஒரு வார்த்தை சொன்னால் நான்கு வார்த்தை திருப்பிச் சொல்வான். கதவைச் சாத்தினால் வாதாடுவான், திறந்தால் ஏன் திறந்தாய் என்று வாதாடுவான். அவளுக்கு அவன் என்றால் உயிர். வாய்விட்டுச் சொல்லுவாள்: “பொண்ணு போனப்புறம் இந்த வீட்ல என்கிட்ட எதிர்த்துப் பேசறது இவன் ஒருத்தன்தான். மத்தவரு எதுக்கும் வாயே திறக்க மாட்டாரு.”

அந்த வக்கீலுக்குப் போன வருஷம் சர்க்கரை வியாதி வந்தது. கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடிக்கிறான் என்று முதலில் கவனித்தவள் அவள்தான். மெக்கானிக், “வெயில் காலம்மா, யாருக்குத்தான் தாகம் எடுக்கல?” என்றார். அவள் விடவில்லை. கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கால்நடை டாக்டரம்மா ரத்தத்தைப் பார்த்துவிட்டு, காலையும் மாலையும் இன்சுலின் ஊசி என்று எழுதிக் கொடுத்தார்.

“இன்னொண்ணு கேட்டுக்கோங்க,” என்றார் டாக்டரம்மா. “சாப்பிட்டப்புறம்தான் ஊசி. சாப்பிடலைன்னா எனக்கு போன் பண்ணுங்க, நீங்களா போடாதீங்க. வெறும் வயித்துல போட்டா சர்க்கரை கிடுகிடுன்னு இறங்கி உசுருக்கே ஆபத்து. அப்படி என்னிக்காவது தள்ளாடினான்னா, ஈறுல தேனைத் தடவிட்டு உடனே தூக்கிட்டு வந்துடுங்க. அப்புறம் பல்லை விட்டுடாதீங்க. சர்க்கரை இருக்கற பூனைக்கு ஈறு சீக்கிரம் கெடும். ஈறு கெட்டா சர்க்கரை இன்னும் ஏறும். தினம் பல்லு தேய்ச்சு விடுங்க.”

“பூனைக்கா? பல்லா?” என்று சிரித்தார் பின்னாலேயே வந்து சேர்ந்த மெக்கானிக். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு, வீடு திரும்புகிற வழியிலேயே அவள் தேன் வாங்கினாள்.

வீட்டில் தேன் பாட்டில் மூன்று இடத்தில் வந்து உட்கார்ந்தது. அடுப்படியில் ஒன்று, கட்டில் பக்கத்தில் ஒன்று, அவள் கைப்பையில் ஒன்று. கைப்பை ஒருநாள் ஆலையில் கவிழ்ந்து, சைரனைத் தேடி எறும்பு வருகிறது என்று ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

பல் தேய்ப்பது இருக்கிறதே, அது தனிக் கூத்து. மனுஷர் தேய்க்கிற பேஸ்ட் பூனைக்கு ஆகாது. டாக்டரம்மா கொடுத்தது கோழிக்கறி வாசம் அடிக்கும். முதலில் அதை விரல் நுனியில் வைத்து நக்கவிட்டாள். பிறகு உதட்டை மெல்லத் தூக்கி விரலால் ஈறைத் தொட்டாள். வக்கீல் கடித்தான். இன்னொரு நாள் தொட்டாள். பிறாண்டினான். அவள் கையைப் பார்த்து ஆலையில், “வீட்ல ஏதாவது சண்டையா?” என்று கேட்டார்கள். ஆமாம், வழக்கு நடக்குது என்றாள். ஒருவழியாகக் குட்டிப் பிரஷ்ஷை வாய்க்குள் விடுகிற அளவுக்கு வழக்கு அவள் பக்கம் திரும்பியது. அதற்காக அவன் வாயை மூடிக்கொண்டு இருந்தான் என்று நினைக்க வேண்டாம். பிரஷ் உள்ளே இருக்கும்போதே ‘ங்ர்ர் ஞாவ்’ என்று முழு நேரமும் எதிர்வாதம் ஓடும். அதைக் கேட்டுக்கொண்டேதான் அவள் தேய்ப்பாள்.

வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மெக்கானிக் வீட்டிலேயே இருப்பவர் என்பதால் சாப்பாடு அவர் பொறுப்பு. ஊசியும் பல்லும் அவள் பொறுப்பு. காலையில் அவள் ஆலை பஸ்ஸுக்குக் கிளம்புகிற அவசரத்தில், “சாப்ட்டானா?” என்று கேட்பாள். “சாப்ட்டாச்சு,” என்று பட்டறையிலிருந்து பதில் வரும். கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டு ஊசி போடுவாள். மாலையிலும் அப்படியே.

இந்த இடத்தில் அந்தக் குடும்பத்தின் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கெட்ட பழக்கம்தான். ஆனால் பாசத்தில் வந்தது. ‘அவகிட்ட சொல்லாதீங்க, பயந்துடுவா’ என்பது அங்கே எழுதாத சட்டம். அவள் அப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தது, அவர் வீட்டுக்குத் திரும்பிச் சாய்ந்து உட்கார்ந்து டீ குடித்த பிறகுதான் அவளுக்குத் தெரியும். மகள் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தது, கட்டுப் பிரித்த பிறகு தெரியும். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. ஒருமுறை மகளுக்குச் சாதாரணக் காய்ச்சல் என்று போனில் கேட்டுவிட்டு, இவள் இரண்டு நாள் சாப்பிடாமல் குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்து, கடைசியில் இவளைத்தான் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. அப்படிப்பட்டவளிடம் யார் எதைச் சொல்வார்கள்? அவள் அறைக்குள் நுழைந்தால் பேச்சு மாறும். அது அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய, அந்த மாறிய பேச்சைக் கேட்டு இன்னும் அதிகமாகப் பயப்படுவாள்.

சில வாரமாக வக்கீலின் வாயில் ஒரு வாடை. இடது பக்கம் பிரஷ் போனால் தலையை வெட்டி இழுத்தான். ஈறு ஓரம் சிவப்பாக இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. மயக்க மருந்து கொடுத்துப் பல்லை முழுசாகப் பார்த்துவிடலாம் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். மயக்க மருந்து என்ற சொல்லைக் கேட்டதும் அவள், “அடுத்த மாசம் பார்க்கலாம் டாக்டர்,” என்று தள்ளிப் போட்டிருந்தாள். மயங்கினவன் எழுந்திருக்காவிட்டால்? அந்தப் பயம் பல்லின் பயத்தை முந்திக்கொண்டது.

“சரியா சாப்பிடறானா? வலிச்சா சாப்பிட மாட்டானே,” என்று வீட்டுக்காரரைத் துளைத்தெடுத்தாள்.

“கிண்ணத்தைப் பாரேன். துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு.”

பார்த்தாள். துடைத்து வைத்த மாதிரித்தான் இருந்தது. அப்பாடா என்று இருந்தது.

அன்று அவளுக்கு வார விடுமுறை நாள். காலையில் வழக்கம்போல் ஊசி போட்டாயிற்று. அவசரம் இல்லாத நாள் என்பதால் பல் தேய்ப்பதையும் பொறுமையாகச் செய்யலாம் என்று, துணி துவைத்து முடித்து, ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் வந்து உட்கார்ந்தாள். வக்கீல் நாற்காலிக்கு அடியில் படுத்திருந்தான். தூக்கி மடியில் வைத்தாள். உதட்டைத் தூக்கினாள். பிரஷ்ஷை உள்ளே விட்டாள்.

வாதாடவில்லை.

“அடேங்கப்பா! என்னங்க, இங்க வந்து பாருங்களேன்! துரைக்கு இன்னைக்குப் புத்தி வந்துடுச்சு. எவ்ளோ சமத்தா காட்டறான் பாருங்க!”

இடது பக்கம் தேய்த்தாள். அப்போதும் சத்தமில்லை. பிரஷ்ஷை எடுத்தாள். இளஞ்சிவப்பாக இருந்தது. உள்ளே கடைவாய்ப்பல் ஒன்றைச் சுற்றி ஈறு வீங்கி நெருப்பு மாதிரி சிவந்திருந்தது. இவ்வளவு புண்ணில் பிரஷ் பட்டும் இவன் ஏன் கத்தவில்லை? “வக்கீலு? டேய் வக்கீலு?” தலை அவள் முழங்கைமேல் சாய்ந்தது. கீழே இறக்கி நிற்க வைத்தாள். பின்னங்கால் இரண்டும் துவண்டு, பக்கவாட்டில் விழுந்தான்.

“ஐயோ! என்னங்க! இவன் விழறான்!”

மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தார்.

“சர்க்கரை இறங்கிடுச்சு. எப்படி இறங்கும்? சாப்ட்டிருக்கானே! காலையில சாப்ட்டான்ல? கிண்ணம் காலியா இருந்துச்சே?”

அவர் கிண்ணம் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“கேக்கறேன்ல? சாப்ட்டானா இல்லையா?”

“இல்லம்மா,” என்றார் அவர். “காலையில வாயே வைக்கல. நேத்தும் கொஞ்சம்தான். மிச்சத்தைப் பின்னாடி தெருப்பூனைக்குப் போட்டுட்டு நான்தான் கிண்ணத்தைக் கழுவி வெச்சேன். நீ பதறுவியேன்னு... ரெண்டு நாள்ல தானா சரியாயிடும்னு நினைச்சேன்மா.”

கத்துவாள் என்றுதானே நினைப்பீர்கள்? அவரும் அப்படித்தான் நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவள் கத்தவில்லை. கத்த நேரம் இல்லை. ஆலையில் ஊசி முனை காணோம் என்றால் அவள் கத்துவது மெஷின் நிற்கும்வரைதான். நின்ற பிறகு அவள் வேறு ஆள். கைப்பையை இழுத்துத் தேன் பாட்டிலைத் திறந்தாள். விரலில் தோய்த்து, உதட்டைத் தூக்கி, வலது பக்க ஈறில் தேய்த்தாள். தினம் போய்ப் போய் அந்த விரலுக்கு அந்த வாயில் எல்லா இடமும் தெரியும். வேறு யாராவது அந்த நேரத்தில் வாயைத் திறக்கப் போராடியிருப்பார்கள். அவள் விரலுக்கு வாய் தானாக இடம் விட்டது.

“கூடையை எடுங்க. டாக்டருக்கு போன் பண்ணுங்க. வண்டி பிடிங்க.” ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றாகச் செய்தார்.

வண்டியில் போகிற வழியெல்லாம் தேனைத் தொட்டுத் தொட்டுத் தடவினாள். சிக்னலில் நின்றபோது வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, “என்னம்மா, தூங்கறானா?” என்றார். தூங்குகிறானா என்பதைத்தான் அவளும் அவன் விலாவில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். விலா ஏறியது, இறங்கியது. ஏறாமல் போய்விட்டால் என்ன செய்வேன் என்று மட்டும் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். வெளியே பெஞ்சில் இவர்கள் இருவரும். எதிரே ஒருவர் கூண்டுக் கிளியோடு உட்கார்ந்திருந்தார். கிளி சும்மா இருக்காமல் யாரையோ ‘வா வா’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. மெக்கானிக் கையைப் பிசைந்தார். “தப்புதான்மா,” என்றார். அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும், “உனக்கு எதுக்கு வீணா பயம்னுதான்...” என்றார்.

அப்போதுதான் வெடித்தாள்.

“வீண் பயமா? ஏங்க, எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் ஊசி போட்டிருப்பேனா? என் கையால போட்டேங்க! ஒண்ணும் தெரியாம நானே போட்டேன்! செத்தான்னா நான்தான் கொன்னேன்னு ஆகுமா ஆகாதா? எங்க ஆலையில ஊசியை உடைச்சுட்டு மறைக்கறவளை நான் என்ன பண்ணுவேன்னு தெரியுமா உங்களுக்கு? எங்கப்பா ஆபரேஷனை மறைச்சீங்க. பொண்ணு விழுந்ததை மறைச்சீங்க. எல்லாருமா சேர்ந்து என்னைக் கைக்குழந்தையா ஆக்கிட்டீங்க. நான் பயந்தா பயந்துட்டுப் போறேன். பட்டினி கிடந்தா கிடக்கறேன். சொல்லிட்டுப் பயப்பட விடுங்க! நான் பயப்படறதாலதான் அவனுக்குச் சர்க்கரைன்னே கண்டுபிடிச்சோம்!”

கிளிக்காரர் கிளியைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தார். மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். அவர் கண் கலங்கியதை அவள் பார்த்தாள். பார்த்தும் சமாதானம் சொல்லவில்லை. அவளுக்கு அவ்வளவு கோபம். கோபத்துக்கு அடியில் இன்னொன்றும் அரித்தது. மயக்க மருந்துக்குப் பயந்து பல்லைத் தள்ளிப் போட்டவள் அவள்தானே? அதையும் சொல்லிவிட்டாள். “நானும் சும்மா இல்ல. அப்பவே காட்டியிருக்கணும்,” என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. டாக்டரம்மா வருவதற்கு முன்பே உள்ளேயிருந்து சத்தம் வந்தது. ‘ஞாவ். ஞாஆஆவ்.’ நீண்ட எதிர்வாதம். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“தேன் தடவினீங்க பாருங்க, அதுதான் நேரத்தைக் கொடுத்துச்சு,” என்றார் டாக்டரம்மா. “சர்க்கரை ஏறிடுச்சு. ஆனா அந்தக் கடைவாய்ப்பல் வேரோட அழுகியிருக்கு. அந்த வலியிலதான் சாப்பிடல. உடம்பு கொஞ்சம் நிலைக்கட்டும், இந்த வாரமே எடுத்துடணும். இனிமே தள்ளாதீங்க.”

“மயக்க மருந்து...”

“பயமாத்தான் இருக்கும். எனக்கும் இருக்கும். அதனாலதான் சர்க்கரை அளவைப் பார்த்துப் பார்த்து மருந்து கொடுப்போம்.”

எனக்கும் இருக்கும் என்று டாக்டரம்மா சொன்னது அவளுக்கு எப்படி இருந்தது தெரியுமா? யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. சரி என்று தலையாட்டினாள்.

பல்லை எடுத்த அன்று அவள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. விடுங்கள். வக்கீல் எழுந்தான். ஈறு ஆற ஆற, அவனுக்கு வேண்டிய இன்சுலினும் குறைந்தது. அளவைக் கவனமாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி இறங்கிவிடும் என்று டாக்டரம்மா சொன்னார். அதற்கும் அவள் பயந்தாள். இந்த முறை வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. மெக்கானிக் பட்டறையிலிருந்து எழுந்து வந்து, “இன்னைக்கு முக்கால்தான் சாப்ட்டான், கால்வாசி இருக்கு, வந்து பாரு,” என்று கிண்ணத்தை மூக்குக்கு நேரே நீட்டினார். அவள் பதறினாள். டாக்டரைக் கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை. பதறியதால் வீடு இடிந்தும் விழவில்லை. மனுஷர் அதை அதிசயமாகப் பார்த்தார்.

மாதம் ஒன்று போயிருக்கும். மாலையில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வக்கீலுக்குப் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். பல் போன இடம் நன்றாக ஆறியிருந்தது. எதிர்வாதம் அமர்க்களமாக நடந்துகொண்டிருந்தது. மெக்கானிக் தண்ணீர் பாட்டிலோடு வந்து எதிரே நின்றார். குடித்தார். மறுபடி குடித்தார்.

“ஒண்ணு சொல்லணும்,” என்றார்.

“என்ன, சாப்பிடலையா?”

“அவன் சாப்ட்டான். இது வேற.” பாட்டிலைக் கையில் உருட்டினார். “நீ கத்தினாலும் பரவால்ல. சொல்லிடறேன். அவனுக்கு இருக்கறது எனக்கும் இருக்கும்மா.”

“எது?”

“சர்க்கரை. ரத்தம் பார்த்தாச்சு. மாத்திரை போட்டுட்டு இருக்கேன். உனக்கு வக்கீலே போதும்னு சொல்லல.”

பிரஷ் அவள் கையில் அப்படியே நின்றது. வருஷக்கணக்காக நான்கு கரண்டி போட்டுக் குடித்தவர், ருசி பிடிக்கவில்லை என்று சர்க்கரை இல்லாமல் டீ குடித்தது. பட்டறை மேஜையில் எப்போதும் நின்ற தண்ணீர் பாட்டில். சோற்றை ஒரு பக்கமாகவே மென்றது. எல்லாம் அவள் கண் முன்னால்தான் நடந்தது. பூனை குடித்த தண்ணீரைக் கிண்ணம் கிண்ணமாக எண்ணியவள், எதிரே உட்கார்ந்த மனுஷரைப் பார்க்கவில்லை.

“எத்தனை நாளா?”

“ஆறேழு மாசமா.”

சைரன் ஊதவில்லை. வக்கீலைக் கீழே இறக்கிவிட்டாள். போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். வக்கீலின் வாயைப் பார்க்க வைத்திருந்த டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு வந்து அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள்.

“வாயைத் திறங்க.”

“நான் என்ன பூனையா?”

“திறங்கன்னா.”

திறந்தார். இடது பக்கம், பின்னால், ஈறு வீங்கிச் சிவந்திருந்தது. பூனையின் வாய்க்குள் வைத்தபோதெல்லாம் அசையாமல் நின்ற வெளிச்சம் இப்போது அவர் பல்லின் மேல் அங்கும் இங்கும் ஆடியது. அவர் வாயைத் திறந்தபடியே கையை உயர்த்தி, டார்ச்சோடு சேர்த்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“வலிக்குதா?” என்று கேட்டாள்.

வலிக்கிறது என்று தலையாட்டினார்.